எழுத்துக்குக் கூலி தருவது யார்?

பீன்யாவில் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளியும், கோலார் தங்கவயலிலிருந்து தினந்தோறும் ரயிலில் பெங்களூர் வந்து போகும் குமாஸ்தாவும் செல்போனில் அடிக்கடி காணும் விளம்பரம் ஒன்று உண்டு. "வீட்டில் இருந்தபடியே எழுதுங்கள், மாதம் முப்பதாயிரம் சம்பாதியுங்கள்" என்பதே அது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் எல்லாம் போக ஊருக்கு அனுப்பக் கையில் மிஞ்சுவது சொற்பமே. இந்த நிலையில் இருப்பவருக்கு அந்த வாசகம் தேனாக இனிப்பதில் வியப்பில்லை. அதிலும் பள்ளி நாளிலிருந்தே கதை, கட்டுரை எழுதும் ஆசை உள்ளவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இணையத்தில் எழுதிப் பணம் ஈட்ட முடியுமா? முடியும். ஈட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தைத் தருவது யார், எதை அளந்து தருகிறார், எப்போது தருகிறார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் இதில் இறங்குவது, கூலி பேசாமல் வேலைக்குப் போவதற்கு ஒப்பாகும். மேஸ்திரியிடம் கூலி பேசாமல் ஒரு நாளும் சட்டியைத் தூக்காதவர், பேனாவைத் தூக்கும்போது மட்டும் ஏன் வாய் மூடி இருக்க வேண்டும்?

மணியார்டர் காலமும் இக்காலமும்

வாரப் பத்திரிகைக்கு ஒரு கதை எழுதி அனுப்பி, அது பிரசுரமானால், சில வாரங்கள் கழித்துச் சன்மானம் மணியார்டரில் வந்து சேரும். தொகை பெரிதாக இராது. ஆயினும் கணக்கு தெளிவாக இருந்தது. பத்திரிகை எழுத்தை வாங்கியது. அதற்கு விலை கொடுத்தது. அந்தக் கதையை எத்தனை பேர் படித்தார்கள் என்பது ஆசிரியரின் கவலையே தவிர, எழுதியவரின் கவலை அல்ல.

இணையத்தில் பெரும்பாலும் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே விலை போவது எழுத்து அல்ல. அதைப் படிக்க வந்தவரின் கவனம்தான் விலை போகிறது. கோயில் திருவிழாவில் கூத்து நடக்கிறது. கூத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. கூட்டத்தை நம்பிக் கடைக்காரர்கள் கடை போடுகிறார்கள். கடைகளிடம் தரை வாடகை வசூலிக்கும் குத்தகைதாரர், அதில் ஒரு பங்கைக் கூத்தாடிகளுக்குத் தருகிறார். கூட்டம் குறைந்தால் பங்கும் குறையும். கூத்து எவ்வளவு உயர்ந்தது என்பது பிறகுதான். இணையத்தில் எழுதுகிறவரின் நிலை அந்தக் கூத்தாடியின் நிலையே.

விளம்பரத்தில் கிடைக்கும் பங்கு

இந்தக் குத்தகை முறையில் பெரியது கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ். 2003-ம் ஆண்டில் அது தொடங்கியது. ஒருவர் தமது சொந்த இணையப் பக்கத்தில் கட்டுரை எழுதி, விளம்பரத்துக்கு இடம் விடுகிறார். படிப்பவர் பக்கத்தைத் திறக்கும் அந்தக் கண நேரத்தில் விளம்பரதாரர்களுக்குள் ஏலம் நடந்து, வென்றவரின் விளம்பரம் அங்கே தோன்றுகிறது. விளம்பரதாரர் கொடுக்கும் தொகையில் ஏறத்தாழ 68 சதவீதம் பக்கத்தின் உரிமையாளருக்குச் சேரும் என்பது கூகுள் வெளியிட்டுள்ள கணக்கு. முன்பு பெரும்பாலும் விளம்பரத்தைச் சொடுக்கினால்தான் பணம். 2024 முதல் விளம்பரம் எத்தனை முறை காட்டப்படுகிறது என்பதே அளவுகோல்.

தமிழ்ப் பக்கங்களை ஆட்சென்ஸ் முறைப்படி ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதாவது, திட்டம் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து! அதுவரை இணையத்தில் தமிழில் எழுதிக் குவித்தவர்களில் பெரும்பாலோர் மொழிமீது கொண்ட பற்றால் எழுதினார்களேயன்றி, காசுக்காக எழுதவில்லை. கதவு திறந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் ஏலத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை. கடன், காப்பீடு பற்றிய கட்டுரைக்குப் போட்டியிடும் விளம்பரதாரர் கவிதைப் பக்கத்துக்கு வருவதில்லை. ஓசூரில் ஒருவர் படித்தால் கிடைக்கும் தொகை வேறு, சிங்கப்பூரில் ஒருவர் படித்தால் கிடைக்கும் தொகை வேறு.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பார்வைக்கு 45 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். டாலருக்கு 90 ரூபாய் என்று கொண்டால் அது 9,000 ரூபாய். அந்தத் தொகையை எட்ட 2 லட்சம் பார்வைகள் தேவை. நூறு கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டாயிரம் பேர் பார்த்தால் முதல் 9,000 ரூபாய் கைக்கு வரும். விளம்பரத்தில் சொன்ன "மாதம் முப்பதாயிரம்" எங்கே, இந்தக் கணக்கு எங்கே?

வெளியூரில் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதங்களுக்குள் அந்த எண்ணைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஆண்டுக்கொரு வீடு மாறுகிறவர்கள் ஊர் முகவரியையோ, நிலையான வேறு முகவரியையோ கொடுப்பது நலம். தமது பக்கத்து விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் கூடவே கூடாது. கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு மூடப்படும்; சேர்ந்த பணமும் விளம்பரதாரருக்கே திரும்பிப் போய்விடும்.

வாசகர் தரும் பணம்

இரண்டாவது வழியில் பணம் வாசகரிடமிருந்தே வருகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2014-ல் தொடங்கப்பட்ட பிரதிலிபி இதற்கு நல்ல உதாரணம். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் அங்கே கதைகள் வெளியாகின்றன. தொடர்கதையின் அடுத்த பகுதியை முன்னதாகப் படிக்க விரும்பும் வாசகர் சந்தா கட்டுகிறார். அதில் ஒரு பங்கு எழுதியவருக்குப் போகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் பழைய சூத்திரம்தான் இது. ஆவலைத் தூண்டி "தொடரும்" போடத் தெரிந்தவருக்கும், நாள் தவறாமல் எழுதுகிறவருக்கும் இதில் பலன் உண்டு. மாதத்துக்கு ஒன்று எழுதி ஓய்பவருக்கு இது ஏற்ற இடம் அல்ல.

அமேசான் நிறுவனத்தின் கிண்டில் மின்நூல்களில் 2016 டிசம்பர் முதல் தமிழ் இடம்பெற்று வருகிறது. பதிப்பாளரை நாடாமல் எழுதியவரே நூலை வெளியிடலாம். முதல் போட வேண்டியதில்லை. விற்பனையில் 35 சதவீதம் அல்லது 70 சதவீதம் என்று இரண்டு விதமான உரிமைத் தொகை உண்டு. எழுபது என்ற எண்ணைப் பார்த்தவுடன் மயங்கிவிடக் கூடாது. இந்தியாவில் விற்கும் நூலுக்கு அந்த உயர்ந்த பங்கு வேண்டுமானால், மின்நூலை அங்கே மட்டுமே விற்பதாக 90 நாள் ஒப்பந்தத்துக்கு உடன்பட வேண்டும். அதே கதையைத் தமது இணையப் பக்கத்திலோ, வேறு செயலியிலோ அந்தக் காலத்தில் வைத்திருக்க முடியாது. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் வாசகர்கள் புரட்டும் பக்கங்களை எண்ணி, ஒரு பொது நிதியிலிருந்து பங்கு தரும் முறையும் இதில் உண்டு. அங்கேயும் அளவுகோல் படிக்கப்பட்ட பக்கமே.

சொல்லுக்கு இத்தனை காசு

மூன்றாவது வழி நேரடிக் கூலி வேலை. நிறுவனங்கள் தங்கள் இணையப் பக்கங்களுக்குக் கட்டுரையோ, மொழிபெயர்ப்போ கேட்டு, சொல்லுக்கு இத்தனை காசு என்று கொடுக்கின்றன. எத்தனை பேர் படித்தாலும் கூலி மாறாது என்பதால், கணக்கைப் பொறுத்தவரை இதுவே தெளிவான வழி. தமிழோடு கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த பெங்களூர்த் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை இயல்பாகவே பொருந்தும்.

ஆனால் இங்கேயும் மணிக் கணக்குப் பார்க்க வேண்டும். சொல்லுக்கு 30 காசு என்றால் ஆயிரம் சொல் கட்டுரைக்கு 300 ரூபாய். படித்து, எழுதி, திருத்தி முடிக்க ஐந்து மணி நேரம் ஆனால் மணிக்கு 60 ரூபாய். அந்த ஐந்து மணி நேர ஓவர்டைமுக்குத் தொழிற்சாலையில் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தபிறகே கட்டுரையை ஒப்புக்கொள்ள வேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். ஆனால் எழுதுகிறவர் உழுவதற்கு முன்பே கணக்குப் பார்க்க முடியும்.

இதைவிட வருந்தத்தக்க ஒரு வழக்கமும் இருக்கிறது. தமது பக்கத்தில் விளம்பரம் போட்டு வருமானம் பார்க்கிறவர்களே, எழுதித் தருகிறவர்களிடம் "பணம் இல்லை, பெயர் வரும்" என்று சொல்லிவிடுகிறார்கள். கைக்காசு போட்டு இலக்கியப் பத்திரிகை நடத்துகிறவர் அப்படிச் சொன்னால் அதில் குற்றமில்லை. எழுதுகிறவர் மனமுவந்து கொடுக்கலாம். விளம்பரக் காசு வாங்குகிறவர் அப்படிச் சொல்வது, கூத்தாடிக்குப் பங்கு தராத குத்தகைதாரரின் செயல்தான்.

முன்பணம் கேட்டால் மோசடி

மேலே சொன்ன மூன்று வழிகளில் எதிலும், எழுதுகிறவரிடம் வேலை கொடுப்பதற்கென்று யாரும் முன்பணம் வாங்குவதில்லை. இதை மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டால் பாதி ஏமாற்று வேலைகளிலிருந்து தப்பிவிடலாம்.

மோசடிக்காரர்களின் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. "பதிவுக் கட்டணம்" என்றும், "பயிற்சிக் கட்டணம்" என்றும் ஓராயிரம், ஈராயிரம் வாங்குவார்கள். ஒரு கட்டுப் பக்கங்களைக் கொடுத்து, குறித்த நாளுக்குள் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். இரவெல்லாம் கண்விழித்து முடித்தால், "பிழை அதிகம், பணம் இல்லை" என்பார்கள். அத்தோடு விடுவதும் இல்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டதாகவும், அபராதம் கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்றும், வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி மிரட்டுவார்கள். மொழி தெரியாத ஊரில் கோர்ட்டு, போலீஸ் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? மானத்துக்கு அஞ்சிக் கடன் வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு.

இப்படி மிரட்டினால் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கு உடனே தொலைபேசியில் புகார் செய்ய வேண்டும். பணம் போன சில மணி நேரத்துக்குள் புகார் செய்தால் அதை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம். பணம் அனுப்பிய ரசீது, செய்திகள், எண்கள் எதையும் அழித்துவிடக் கூடாது. ஏமாந்தது வெட்கம் என்று மறைப்பதால், அடுத்த அறையில் இருப்பவரும் அதே வலையில் விழுகிறார்.

உரிமை யாருடையது?

கூலியைவிடப் பெரியது உரிமை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலைக்காரராக இல்லாமல் தாமாக எழுதியவருக்கே எழுத்தின் முதல் உரிமை. எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒழிய அந்த உரிமை பிறருக்குப் போகாது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாமல் கொடுத்திருந்தால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் இந்த உரிமை அவர் வாரிசுகளுக்கு நீடிக்கிறது.

இவ்வளவு நீண்ட சொத்தை, ஆங்கிலத்தில் அச்சிட்ட நிபந்தனைகளின் அடியில் "சம்மதம்" என்று ஒருமுறை விரலால் தொட்டு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தொடர்கதை பின்னாளில் சினிமாவாகவோ, ஒலிநூலாகவோ ஆகலாம். எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும் என்று கேட்கிற நிபந்தனைக்கு ஒப்புமுன், விஷயம் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டிக் கேட்பது அவசியம். சொல்லுக்கு முப்பது காசு கொடுக்கிறவர் கேட்பது அந்தக் கட்டுரையை மட்டுமா, அதன் ஆயுளையுமா என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை செய்யும் குமாஸ்தாக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1964-ம் ஆண்டின் நடத்தை விதிகள், அலுவலக வேலைக்குக் குந்தகம் வராமல் எப்போதாவது இலக்கியப் பணி செய்வதற்கு முன் அனுமதி கேட்கவில்லை. ஆனால் அதையே வாடிக்கைத் தொழிலாக நடத்துவது வேறு விஷயம். அதற்கு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. எழுத்தில் வரும் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் வருமானமே. ஆண்டுக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். கட்டணம் கொடுக்கும் இந்திய நிறுவனம் வரம்புக்கு மேற்பட்ட தொகையில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் ரிட்டன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெற முடியும்.

எதை எழுதினால் நிற்கும்?

2022-ம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு, கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் எந்திரம் எல்லார் கையிலும் இருக்கிறது. அதை வைத்து நாளைக்கு ஐம்பது கட்டுரை போட்டால் பணம் கொட்டும் என்று சிலர் கனவு காண்கிறார்கள். தேடலில் முன்னே வருவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவதாகக் கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டில், தேடியவருக்குப் பக்கத்தின் உச்சியிலேயே எந்திரம் சுருக்கமாக விடை தரும் முறையையும் அது இந்தியாவில் கொண்டுவந்தது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், படிப்பவர் கட்டுரைப் பக்கம் வருவானேன்? ஊரறிந்த செய்தியைத் திருப்பி எழுதுகிறவருக்கு இனி வருமானம் சுருங்கவே செய்யும்.

ஆனால் அனுபவத்தில் அறிந்ததை எழுதுகிறவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. தருமபுரியிலிருந்து நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வருகிறவர் முதல் நாள் என்னென்ன தாள்களோடு, எந்த வரிசையில் நிற்க வேண்டும்? கம்பெனி மாறிய தொழிலாளி பிராவிடண்டு பண்டு கணக்கை எப்படி மாற்றிக்கொள்வது? தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு இங்கே தானியம் வாங்குவது எப்படி, கடைக்காரர் மறுத்தால் யாரிடம் சொல்வது? இவற்றை நேரில் பட்டுத் தெரிந்துகொண்ட தமிழர்கள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். லேத்தில் இருபது ஆண்டு நின்றவர், அந்த வேலையைப் புதிதாக வரும் பையனுக்குத் தமிழில் எழுதிக் காட்டினால் அது எந்த எந்திரமும் தர முடியாத கட்டுரை. அதைத் தேடி வருகிற வாசகர் மீண்டும் வருவார். அப்படித் திரும்பி வரும் வாசகரே எழுதுகிறவரின் உண்மையான மூலதனம். நிறுவனங்கள் தங்கள் விதிகளை எத்தனை முறை மாற்றினாலும் அந்த மூலதனத்தை மாற்ற முடியாது.

சங்கங்கள் முன்வர வேண்டும்

இதில் தனி ஆள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள், கவியரங்கமும் பட்டிமன்றமும் நடத்துவதோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கலாம். ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு வக்கீல், வரிக் கணக்கு சொல்ல ஒரு கணக்கர், இணையத்தில் எழுதிச் சம்பாதித்த அனுபவம் உள்ள ஒருவர் ஆகிய மூவர் போதும். அதேபோல, தமிழில் எழுத்தை வாங்கித் தமிழருக்கு விற்கும் நிறுவனங்கள், நிபந்தனைகளையும் மாதக் கணக்கையும் தமிழிலேயே தருவதுதான் நியாயம். கூலி வாங்குகிறவருக்குப் புரியாத மொழியில் கூலிக் கணக்கு எழுதும் பழக்கம் தேயிலைத் தோட்டக் கங்காணி காலத்தோடு ஒழிந்திருக்க வேண்டியது.

எழுதும் ஆசையை யாரும் கைவிட வேண்டியதில்லை. இருக்கிற வேலையை மட்டும் அதற்காகக் கைவிடக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எழுத்தில் வரும் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்க்காமல், தனியே போட்டுவைப்பது விவேகம். யார் தருகிறார், எதை அளந்து தருகிறார், எப்போது தருகிறார் என்ற மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு முதல் வரியைத் தொடங்கலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். இரவுத் தூக்கத்தை விற்று எழுதுகிறவருக்கு அந்த அளவு இன்னும் அவசியம்.